வார்ப்பும் படிகமும்: சிறுநீர் வண்டல் சொல்லும் செய்தி

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு குடும்ப நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. என் தங்கையின் கணவர் ஓசூரில் ஒரு வார்ப்படச் சாலையில் பணியாற்றுபவர். இடுப்பின் பின்புறம் வலிக்கிறதென்று, மருத்துவரைக் காணாமல் தாமாகவே ஓர் ஆய்வகத்திற்குச் சென்று சிறுநீரைச் சோதித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிக்கை வந்தது. அதில் ஒரு வரியில் ‘கிரிஸ்டல்’ என்றும், அதனெதிரே ‘கால்சியம் ஆக்சலேட், சில’ என்றும் கண்டிருந்தது. அடுத்த வரியில் ‘காஸ்ட்’ என்றும், அதனெதிரே ‘ஆர்.பி.சி.’ என்றும் கண்டிருந்தது. முதல் வரியைக் கண்ட வீட்டார் ‘கல் இருக்கிறது’ என்று கலங்கினர். இரண்டாம் வரியைப் படித்த பள்ளி மாணவனான என் மருமகன், “அது ஒண்ணுமில்லை அத்தா, நம்ம சாதியைக் கேட்டு பி.சி.ன்னு போட்டிருக்காங்க” என்றான். பெயர், வயது, பால், சாதி என்று நிரப்பும் படிவங்களையே பார்த்துப் பழகிய வீடு. ஆதலின் அவ்விளக்கம் ஒருவருக்கும் ஐயம் தரவில்லை.

மூன்று திங்கள் வாழைத்தண்டுச் சாறு அருந்தினார். வலி குறைந்தது போலும் இருந்தது. பின்னர்க் கால்கள் வீங்கின. மருத்துவரிடம் சென்றபோது அவர் பழைய அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கல்லைப் பற்றிய வரியை அவர் பொருட்படுத்தவில்லை. ‘சாதி’ என்று நாங்கள் கடந்து சென்ற வரியிலேயே அவர் விரல் நின்றது. சிறுநீரகத்தின் வடிகட்டும் பகுதியில் அழற்சி ஏற்பட்டிருக்கிறது என்பதை அவ்வரி அன்றே சொல்லியிருந்தது.

படிகம் என்ற சொல்லும் வார்ப்பு என்ற சொல்லும் எவற்றைக் குறிக்கின்றன, நுண்ணோக்கியின் கீழ் அவற்றை எவ்வாறு இனங்காண்பது, இரண்டினுள் எது எத்தகைய செய்தியைத் தருகிறது என்பனவற்றை எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நான் தமிழ் பயிற்றுபவன், மருத்துவன் அல்லேன். எனினும் ஒரு சொல் விளங்காமையால் மூன்று திங்களை இழந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். அதன்பின் விலங்கியல் துறை நண்பர்களின் நுண்ணோக்கி வழியே கண்டவற்றையும், நூல்களிற் கற்றவற்றையும் இங்குத் தொகுத்துரைக்கிறேன்.

முன்னோர் கண்ட நீர்

சிறுநீரைக் கொண்டு நோயறியும் முறை நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவம் கூறும் எண்வகைத் தேர்வுகளுள் மூத்திரமும் ஒன்று. தேரையர் பெயரால் வழங்கும் நூல்கள் நீர்க்குறி, நெய்க்குறி என்னும் இருவகைச் சோதனைகளைக் கூறுகின்றன. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்னும் ஐந்து கூறுகளை ஆராய்வது நீர்க்குறி. விடியலிற் பிடித்த நீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்புபோல் நீள்கிறதா, மோதிரம்போல் வளைகிறதா, முத்துப்போல் நிற்கிறதா என நோக்கி வளி, அழல், ஐயம் ஆகியவற்றை உணர்வது நெய்க்குறி.

அரபு மருத்துவ மரபிலும் இத்துறை சிறப்பிடம் பெற்றது. இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ என்னும் பெருநூலில் சிறுநீரின் நிறம், அடர்த்தி, தெளிவு, மணம், நுரை, அளவு ஆகியவற்றோடு அடியில் தங்கும் வண்டலையும் தனியே ஆராயச் சொல்கிறார். யூனானி மருத்துவர்கள் சிறுநீர்ச் சோதனையைக் ‘காரூரா’ என்ற பெயரால் இன்றும் வழங்குகின்றனர். காரூரா என்பது அந்நீரை ஏந்தும் கண்ணாடிக் குடுவையின் பெயரேயாகும்.

இவ்விரு மரபினரும் நீரைக் கூர்ந்து நோக்கியவர்களே. ஆயினும் அவர்களிடம் இருந்தது வெறுங்கண். வண்டல் இருக்கிறது என்று கண்டார்கள். வண்டலுக்குள் இருப்பது யாது என்று காணும் கருவி அன்று பிறக்கவில்லை.

நுண்ணோக்கி வந்தபின்

இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’ என்னும் நூலில், சிறுநீரிற் படியும் மணலை நுண்ணோக்கியிற் கண்டு விவரித்துள்ளார். 1776-இல் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஷீலே, சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்தறிந்தார். 1810-இல் வொல்லாஸ்டன் மற்றொரு வகைக் கல்லில் சிஸ்டின் என்னும் பொருளைக் கண்டார். 1830-களில் பாரிசு நகர மருத்துவர் ரேயே, தம் மாணவர் விக்லாவுடன் இணைந்து, நோயாளியின் சிறுநீரை நுண்ணோக்கியிற் பார்ப்பதை மருத்துவமனையின் அன்றாடப் பணியாக்கினார்.

வார்ப்புகள் எப்பொருளால் ஆனவை என்ற வினாவிற்கு விடை கிடைக்க மேலும் நூறாண்டிற்கு மேல் ஆயிற்று. 1950-இல் டாம், ஹார்ஸ்ஃபால் என்னும் இருவர் சிறுநீரிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அது அவர்கள் பெயரால் டாம்–ஹார்ஸ்ஃபால் புரதம் எனப்படுகிறது. யூரோமாடுலின் என்ற பெயரும் அதற்குண்டு. இப்புரதமே வார்ப்புகளின் அடிப்பொருள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

வண்டலை எடுக்கும் முறை

ஆய்வுக்குரிய நீர் புதியதாக இருத்தல் வேண்டும். காலையில் முதற்கழியும் நீர் செறிவும் அமிலத்தன்மையும் மிக்கதாதலின் அதுவே சிறந்தது. தொடக்கத்திற் சிறிது கழியவிட்டு, நடுப்பகுதியைத் தூய குப்பியில் ஏந்துவர். 2 மணி நேரத்திற்குள் பார்த்துவிட வேண்டும். நேரங்கடந்தால் நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாக மாற்றும்; நீர் காரத்தன்மை அடையும். காரநீரில் வார்ப்புகள் கரைந்து போகும். முன்பு இல்லாத படிகங்கள் புதிதாகத் தோன்றும். இருந்தது மறைந்து, இல்லாதது தோன்றுமாயின் அறிக்கை பொய்யாகிவிடும் அன்றோ? குளிர்பெட்டியில் வைப்பதும் படிகங்களை மிகுவிக்கும்.

நீரை நன்கு கலக்கி 10 முதல் 12 மில்லி அளவு சோதனைக் குழாயில் எடுத்து, மையவிலக்குப் பொறியில் நிமிடத்திற்கு 1500 முதல் 2000 சுற்று என்னும் வேகத்தில் 5 நிமிடம் சுழற்றுவர். மேல்நீரை மெல்ல வடித்து, அடியில் ஏறத்தாழ அரை மில்லி நிற்க விடுவர். அதைக் கலக்கி ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, மேலே மெல்லிய மூடுதகட்டை வைத்துக் காற்றுக்குமிழி புகாமல் மூடுவர்.

முதலில் 10 மடங்கு வில்லையாலும், பின்னர் 40 மடங்கு வில்லையாலும் நோக்க வேண்டும். கண்ணருகு வில்லையின் 10 மடங்கையும் சேர்த்தால் இவை முறையே 100 மடங்கும் 400 மடங்குமாகக் காட்டும். இங்கு மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, ஒளியைக் கூட்டி வைத்துப் பார்ப்பதாகும். வார்ப்புகள் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவுவன. மிகு ஒளியில் அவை கண்ணிற்படாமலே போகும். ஒளிக்குவிப்பியைத் தாழ்த்தி, ஒளித்திறப்பைச் சுருக்கி, மங்கிய ஒளியில் தேடினால் மட்டுமே அவை புலப்படும். மேலும், அவை மூடுதகட்டின் ஓரங்களில் ஒதுங்கும் இயல்பின. ஆகவே நடுப்பகுதியை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று எழுதிவிடுதல் கூடாது.

படிகங்கள்

நீரில் கரைந்துள்ள உப்பு, அளவு மிகும்போதோ வெப்பம் குறையும்போதோ தனக்குரிய ஒழுங்கான வடிவத்துடன் பிரிந்து நிற்பதே படிகம். உப்பளத்தில் காணும் காட்சியும் இதுவே. படிகம் என்ற சொல் ஸ்படிகம் என்னும் வடசொல்லின் திரிபு. ஆயினும், படிதல் என்னும் நம் வினைச்சொல்லோடு ஒலி ஒத்திருத்தலால் பொருளும் எளிதில் மனத்திற் படிகிறது.

படிகத்தைக் காணுமுன் நீர் அமிலமா, காரமா என அறிதல் வேண்டும். அமில நீரில் பெரும்பாலும் யூரிக் அமிலமும் யூரேட்டுகளும் காணப்படும். கால்சியம் ஆக்சலேட் அமில நீரிலும் நடுநிலை நீரிலும் வரும். கார நீரில் பாசுபேட்டுகளும், கால்சியம் கார்பனேட்டும், அம்மோனியம் யூரேட்டும் தோன்றும். அவற்றின் வடிவங்களை நமக்குப் பழகிய பொருள்களோடு ஒப்பிட்டு நினைவிற் கொள்ளலாம்.

கால்சியம் ஆக்சலேட் இருவகைப்படும். ஒருவகை, மூலைவிட்டங்கள் குறுக்கே ஓடும் அஞ்சல் உறையின் பின்புறம் போன்றது. மற்றொன்று உடுக்கை போன்றோ நீள்வட்டமாகவோ இருக்கும். நீள்வட்டமானவற்றைச் சிவப்பணுக்கள் என்று மயங்குதல் உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை ஒரு துளி சேர்த்தால் சிவப்பணுக்கள் சிதையும், படிகங்கள் சிதையா.

யூரிக் அமிலம் மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தது. சாய்சதுரமாகவும், சாணைக்கல் போன்றும், இதழ் விரிந்த மலர் போன்றும் பல வடிவில் வரும். வடிவமற்ற யூரேட்டுத் துகள்கள் மிகுந்தால் வண்டல் செங்கற்பொடி நிறமாய்த் தோன்றும், சூடாக்கினால் கரையும். வடிவமற்ற பாசுபேட்டுத் துகள்கள் வெண்ணிறமானவை. சூட்டிற் கரையா, அசிட்டிக் அமிலத்திற் கரையும். முப்பாசுபேட்டு எனப்படும் படிகம் சவப்பெட்டியின் மூடி போன்ற வடிவுடையது. அம்மோனியம் யூரேட்டு, முள் நிறைந்த ஊமத்தங்காயை அப்படியே ஒத்திருக்கும்.

மேற்கூறியன நலமுடையோர் நீரிலும் காணப்படலாம். உண்ட கீரையும் தக்காளியும் குறைவாய்ப் பருகிய நீருமே ஆக்சலேட்டைத் தோற்றுவிக்கப் போதும். படிகம் இருந்தும் கல் இல்லாதவர் பலர். கல் இருந்தும் அன்றைய நீரில் படிகம் காணப்படாதவரும் உளர்.

எனினும் சில படிகங்களை ஒருபோதும் புறக்கணித்தல் ஆகாது. தேன்கூட்டின் அறைபோல் ஆறுபக்கத் தகடாய்த் தோன்றும் சிஸ்டின், பிறவியிலேயே அமைந்த ஒரு குறைபாட்டைக் காட்டும். நெற்கதிர்க்கட்டுப் போன்ற ஊசித்தொகுதியாகிய டைரோசினும், மரத்தின் ஆண்டு வளையம் போன்ற லியூசினும் கடுமையான கல்லீரல் நோயில் தோன்றுவன. சல்ஃபா மருந்துகளும், வைரசுக்கு எதிரான சில மருந்துகளும், நீர் குறைவாய் அருந்துவோரிடத்தில் தாமே படிகமாகிச் சிறுநீரகக் குழல்களை அடைப்பதுண்டு.

படிகத்தால் பெருங்கேடு விளைந்த நிகழ்ச்சிகளும் உள்ளன. 2008-இல் சீன நாட்டில் குழந்தைகளுக்குரிய பால்மாவில் மெலமைன் என்னும் வேதிப்பொருளைக் கலந்து விற்றனர். அது யூரிக் அமிலத்தோடு சேர்ந்து குழந்தைகளின் சிறுநீரகங்களில் படிகமாயிற்று. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்ததாக அரசு அறிவித்தது. கேரளத்தில், கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இரும்பன்புளிக் காயின் சாற்றைச் செறிவாக அருந்தியவர்களுக்கு, அதிலுள்ள ஆக்சலேட்டினால் சிறுநீரகம் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். இயற்கையிற் கிடைப்பது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு இஃதொரு சான்று.

வார்ப்புகள்

இனி வார்ப்பைக் காண்போம். இதற்கு உவமை தேடி வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. ஓசூரின் வார்ப்படச் சாலைகளே போதும். மண்ணால் அச்சு அமைக்கிறார்கள். உருக்கிய இரும்பை அதனுள் வார்க்கிறார்கள். அது இறுகியபின் அச்சைப் பிரித்தால் வெளிப்படும் உருப்படி அச்சின் வடிவத்தை உள்ளவாறே கொண்டிருக்கும். அச்சில் மண் உதிர்ந்திருந்தால் அவ்வடுவும் உருப்படியில் இருக்கும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்குழல்கள் உள்ளன. அக்குழலே அச்சு. அதன் சுவர் சுரக்கும் டாம்–ஹார்ஸ்ஃபால் புரதமே வார்க்கப்படும் பொருள். நீர் செறிந்து, அமிலம் மிகுந்து, ஓட்டம் தளரும்போது அப்புரதம் குழலுக்குள் இறுகுகிறது. பின்னர் நீரின் ஓட்டத்தால் தள்ளப்பட்டு வெளிவருகிறது. பக்கங்கள் இணையாகவும், முனைகள் உருண்டும் உள்ள சிறு உருளையாக அதனைக் காண்கிறோம். இறுகும்போது குழலுக்குள் எவை இருந்தனவோ அவையும் அதனுட் சிக்கிக்கொள்ளும்.

இங்கேதான் படிகத்திற்கும் வார்ப்பிற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு புலனாகிறது. படிகம் சிறுநீரகத்தில் தோன்றலாம், சிறுநீர்ப்பையில் தோன்றலாம், குப்பிக்குள் வந்த பின்னரும் தோன்றலாம். வார்ப்போ சிறுநீரகக் குழலையன்றி வேறெங்கும் தோன்ற இயலாது. படிகம் பெரும்பாலும் நீரின் நிலையைச் சொல்லும். வார்ப்பு உறுப்பின் நிலையைச் சொல்லும்.

வார்ப்பின் வகைகள் வருமாறு:

1. தெளி வார்ப்பு: புரதம் மட்டுமே உடையது, நிறமற்றது. கடும் உழைப்பு, காய்ச்சல், நீர்வறட்சி ஆகியவற்றின் பின் நலமுடையோரிடத்தும் ஒன்றிரண்டு காணப்படும்.

2. சிவப்பணு வார்ப்பு: சிவப்பணுக்கள் சிக்கியிருப்பது. குருதி சிறுநீரகத்தின் வடிகட்டியிலிருந்தே கசிகிறது என்பதற்கு வலிய சான்று. கல் உராய்வதால் வரும் குருதியில் சிவப்பணுக்கள் இருக்கும். அவற்றை உட்கொண்ட வார்ப்பு இராது. என் மைத்துனரின் அறிக்கையில் இருந்தது இதுவே.

3. வெள்ளணு வார்ப்பு: நுண்ணுயிர்த் தொற்றாலோ பிற காரணத்தாலோ சிறுநீரகத்தின் உட்பகுதியில் அழற்சி நேர்ந்துள்ளதைக் காட்டும். கீழ்ப்பாதையில் மட்டும் தொற்று இருப்பின் வெள்ளணுக்கள் இருக்கும், வார்ப்பு இராது.

4. குழலணு வார்ப்பு: குழலின் சுவரணுக்களே உதிர்ந்து சிக்கியிருப்பது. அச்சின் மண்ணே உதிர்ந்து உருப்படியோடு வருவதை இதற்கு ஒப்பிடலாம்.

5. துகள் வார்ப்பு: சிதைந்த அணுக்களும் புரதத் துகள்களும் நிறைந்தது. கடும் உழைப்பின் பின் ஒன்றிரண்டு காணப்படலாம். சேற்றுநிறத் துகள் வார்ப்புகள் மிகப் பலவாகக் காணப்பட்டால், குழல்கள் திடீரெனக் கேடுற்றன என்பது பொருள்.

6. மெழுகு வார்ப்பு: மெழுகு இதிற் சிறிதும் இல்லை, தோற்றத்தால் வந்த பெயர். ஓரம் தெளிவாகவும், இடையிடையே வெடிப்புகளுடனும், முனை முறிந்தும் இருக்கும். குழலுக்குள் நெடுங்காலம் தேங்கியிருந்தது என்பதை உணர்த்தும்.

7. அகன்ற வார்ப்பு: இயல்பினும் பன்மடங்கு அகலமுடையது. அச்சு விரிந்தாலன்றி உருப்படி விரியாது. எனவே இது நாட்பட்ட சிறுநீரகச் சிதைவின் அடையாளம்.

இவையன்றிக் கொழுப்புத் துளிகள் நிறைந்த வார்ப்பும் உண்டு. சிறுநீரிற் புரதம் மிகுதியாகக் கழியும் நோயில் அதைக் காணலாம்.

ஏமாற்றும் உருவங்கள்

பழகாத கண்ணை ஏமாற்றுவன பல. சளியிழை நீண்டு, நாடாப்போல் மடிந்து, முனை கூராகி முடியும். வார்ப்பு அவ்வாறு முடியாது. பஞ்சு, துணி ஆகியவற்றின் இழைகள் பளிச்சென்று, கருத்த ஓரங்களுடன் தோன்றும். கையுறையிலிருந்து விழும் மாவுத்துகளும், எண்ணெய்த் துளியும், காற்றுக்குமிழியும் படிகம் போலவும் அணுப் போலவும் தோன்றும். கண்ணாடித் தகட்டின் கீறலைக்கூட வார்ப்பென எழுதியவர் உண்டு. ஆதலின் ‘எளிதில் பளிச்சென்று கண்ணிற்படுவது பெரும்பாலும் வார்ப்பன்று’ என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்க.

நம் வட்டாரமும் நீரும்

2004-இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருட்டிணகிரி மாவட்டத்தில் ‘ஊர்த் தண்ணீர்தான் கல்லுக்குக் காரணம்’ என்பது பரவலாகச் சொல்லப்படும் கூற்று. இதனைச் சற்று ஆராய்தல் வேண்டும். தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்துள்ள பகுதிகள் உள்ளன. அதனால் விளையும் கேட்டைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயற்பாட்டிற்கு வந்தது. ஆயின் ஃபுளூரைடு முதன்மையாகத் தாக்குவது பல்லையும் எலும்பையுமே. நீரின் கடினத்தன்மை என்பது கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றால் வருவது; அது வேறு. கடின நீர் ஒன்றே கல்லுக்குக் காரணம் என்று ஆய்வுகள் நிறுவவில்லை. கல் உண்டாவதற்குப் பரம்பரை, உணவு, உடல் நிலை எனக் காரணங்கள் பல. அவற்றுள் நம் கையில் உள்ளதும் முதன்மையானதும் போதிய நீர் அருந்தாமையே.

ஓசூர் மேட்டுநிலத்தில் அமைந்த குளிர்ச்சியான ஊர். தாகம் மிகுதியாகத் தோன்றாது. ஆனால் உலையருகே நிற்பவர் உடலிலிருந்து வியர்வை ஆறாய்ப் பெருகும். கற்சுரங்கங்களில் வெயிலில் நிற்போர் நிலையும் அதுவே. ஆலைகளிற் பணியாற்றும் பெண்கள், கழிப்பறைக்குச் செல்லும் வாய்ப்புக் குறைவென்று கருதி வேண்டுமென்றே நீர் அருந்தாதிருத்தலும் உண்டு. இவ்வாறு செறியும் நீரில் படிகமும் எளிதில் தோன்றும், தெளி வார்ப்பும் தோன்றும். கல் வரும் இயல்புடையோர், நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவிற்கு நீர் பருக வேண்டுமென மருத்துவர் கூறுவர். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுற்றவர்களுக்கு இவ்வறிவுரை பொருந்தாது போகலாம். யாருக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

சொல்லும் கண்ணும்

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவலாம். பெயர் தெரியாத பொருளைக் கண் பார்த்தும் பாராததாகவே விட்டுவிடும். எங்கள் வீட்டில் நேர்ந்தது அதுவே. அச்சிட்ட எழுத்தைப் படித்தோம், பொருளைக் காணவில்லை.

இக்குறையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (1822–1884), 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவக் கல்வி அளித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். மேனாட்டு மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். தாயகம் திரும்பிய பின்னும் அப்பணியை விட்டாரல்லர். ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875-இல் வெளிவந்தது. நம் காலத்தில் மணவை முஸ்தபா (1935–2017), யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றி, மருத்துவம் உள்ளிட்ட துறைகளின் கலைச்சொற்களைத் தொகுத்து அகராதிகளாக அளித்தார்.

நல்ல கலைச்சொல் எது? கேட்ட அளவில் பொருளின் பிறப்பைக் காட்டுவதே நல்ல கலைச்சொல். வார் என்பது ஊற்றுதலைக் குறிக்கும் வினை. தோசை வார்க்கிறோம், கஞ்சி வார்க்கிறோம், தாரை வார்க்கிறோம், இரும்பை வார்க்கிறோம். வார்த்து இறுகியது வார்ப்பு. ‘காஸ்ட்’ என்ற ஒலி ‘சாதி’ என்று மயங்க இடம் தந்தது. வார்ப்பு என்ற சொல்லோ, ‘எந்த அச்சில் வார்த்தது?’ என்று கேட்கத் தூண்டுகிறது. அவ்வினாவிற்கு விடை ‘சிறுநீரகக் குழல்’ என்பது. அத்துணை அளவில் பாடத்தின் பாதி முடிந்துவிடுகிறது.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். படிகத்தைக் கண்டதும் அஞ்சுதல் வேண்டா. அதன் வகையையும் அளவையும் மருத்துவர் ஆராய்வார். தெளி வார்ப்பு ஒன்றிரண்டு நீங்கலாக, பிற வார்ப்பு எது காணப்படினும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுதல் வேண்டும். நுண்ணோக்கியில் அமரும் மாணவர், ஒளியைக் குறைத்து, ஓரங்களைத் தேடி, கண்டதைக் கண்டவாறே எழுதுதல் வேண்டும். அவர் அவசரத்தில் ‘இல்லை’ என்று எழுதும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் பல திங்களைக் கொண்டுபோய்விடும்.

ஆய்வக நுட்பப் பயிற்சிக்குச் செல்லும் நம் மாணவர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அறிவியல் துறைகளும் தமிழ்த்துறையும் இணைந்து, இப்படிகங்களையும் வார்ப்புகளையும் தமிழ்ப் பெயர்களுடன் வரைந்து ஆய்வகச் சுவரில் தொங்கவிடலாம். அது பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. சமுதாயப் பெரியோரும் தம் வீடுகளில் வரும் மருத்துவ அறிக்கையின் எந்த வரியையும் ‘ஒன்றுமில்லை’ என்று தாமே கடந்துவிடாமல், பொருள் கேட்டறியும் வழக்கத்தை இளையோர்க்குப் பழக்குவார்களாக.

என் மைத்துனர் மருத்துவம் பெற்று இன்று மீண்டும் வேலைக்குச் செல்கிறார்; முறையாகச் சோதனையும் செய்துகொள்கிறார். வார்ப்பு என்றால் என்னவென்று நான் விளக்கிய நாளன்று அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “என்ன மச்சான், இருபது வருசமா பவுண்டரியில நான் போடுற காஸ்டிங்தானா இது? அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே” என்றார். அந்த ஏக்கம் இனி எந்த வீட்டிலும் கேளாதிருக்கச் செய்வது தமிழ் கற்பிப்போரின் கடமையுமாகும்.